அப்பாவுக்கு ஒரு லோடு வண்டி: குட்டி யானையா, பிக்கப்பா, இல்ல வாடகையே போதுமா?

மியூச்சுவல் ஃபண்டு, டெர்ம் இன்சூரன்ஸ் கேள்விகளுக்கு நடுவுல நம்ம சேனலுக்கு அடிக்கடி வர்ற இன்னொரு கேள்வி இது. "சார், நான் சென்னையில வேலை பார்க்கிறேன். ஊர்ல அப்பா காய்கறி போடுறாரு. மாசாமாசம் வண்டி வாடகைக்கே காசு போகுது. என் சம்பளத்தை வச்சு லோன் போட்டு ஒரு லோடு வண்டி எடுத்துக் கொடுக்கலாமா? எந்த சைஸ் எடுக்கலாம்?"

கேள்வியில பாசம் இருக்கு, அதுல தப்பே இல்ல. ஆனா லோன் பேப்பர்ல போடுற கையெழுத்து அடுத்த 48 மாசத்துக்கு உங்க சம்பளத்தைக் கட்டிப் போடும். அதனால கணக்கோட பேசுவோம். உதாரணத்துக்கு சுரண்டையை எடுத்துக்கலாம். தென்காசி மாவட்டத்துல இந்தக் கேள்வி நிஜமாவே வாழ்க்கைப் பிரச்சினையா இருக்கிற ஊர் அது.

சுரண்டை காய்கறி மார்க்கெட்டும், பக்கத்துல பாவூர்சத்திரம் மார்க்கெட்டும் சுற்றுவட்டார கிராமங்களோட சரக்கு வந்து சேருற இடங்கள். அங்கிருந்து தென்காசி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, புனலூர் வழியா கேரளாவுக்குப் போகுது. ஓணம் நேரத்துல இந்தச் சாலை எப்படி இருக்கும்னு அந்தப் பக்கத்துக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆக, இந்த ஊர்ல லோடு வண்டிக்கு ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு, தோட்டத்துல இருந்து மார்க்கெட் வரைக்கும் குறுகிய தூரம். இன்னொண்ணு, மலை ஏறி கேரளா வரைக்கும் நீண்ட தூரம். இந்த ரெண்டுக்கும் ஒரே சைஸ் சரிப்படாது. பலர் சறுக்குறது இங்கதான்.

முதல்ல எடை, அப்புறம்தான் பிராண்டு

ஷோரூமுக்குப் போனா மைலேஜ், சப்சிடி, எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்னு பேச்சு ஆரம்பிக்கும். நீங்க முதல்ல கேட்க வேண்டியது ரெண்டே எண்கள். வண்டியும் சரக்கும் ஆளும் சேர்ந்த மொத்த எடைக்கு அனுமதி எவ்வளவு? காலி வண்டியோட எடை எவ்வளவு? ரெண்டுமே ஆர்.சி.யில இருக்கும். முதல் எண்ணில இருந்து ரெண்டாவதைக் கழிச்சா வர்றதுதான் வண்டி சட்டப்படி சுமக்கக் கூடிய எடை.

அந்த எடையும் முழுசா காய்கறிக்குக் கிடைக்காது. கேபின்ல ஏறுற ஆளும் அதுக்குள்ளதான் வர்றார். 750 கிலோ தாங்கும்னு சொல்ற ஒரு சின்ன வண்டியை எடுத்துக்குங்க. ஓட்டுறவரும் லோடுமேனும் சேர்ந்து 130 கிலோ. தார்ப்பாய், கயிறு 20 கிலோ. மீதி 600 கிலோ. சின்ன வெங்காயம் 50 கிலோ மூட்டைன்னா 12 மூட்டை. தக்காளியை பிளாஸ்டிக் டிரேயில ஏத்துனா காலி டிரேயோட எடையும் போகும். பின்னாடி இரும்புக் கூண்டு கட்டுனா அதுவும் போகும். "முக்கால் டன் வண்டி"ன்னு சொல்லி வாங்குன வண்டியில உண்மையான சரக்கு அரை டன்னைத் தாண்டி கொஞ்சம்தான்.

இந்தக் கழித்தலை வீட்டிலேயே ஒரு பேப்பர்ல போட்டுட்டு ஷோரூமுக்குப் போங்க. பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துரும்.

நம்ம ரோட்டுல ஓடுற சைஸ்கள்

மாடல், வேரியன்ட் மாறினா எண்களும் மாறும். அதனால வகையை மட்டும் புரிஞ்சுக்குங்க.

முதல் வகை: முக்கால் டன் வரைக்கும். டாடா ஏஸ், மாருதி சூப்பர் கேரி எல்லாம் இதுல வரும். ஏஸ் 2005 மே மாசம் வந்தது. 702 சிசி, ரெண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். மூணு சக்கர லோடு ஆட்டோவுக்கும் பெரிய வண்டிக்கும் நடுவுல இருந்த இடத்தைப் பிடிச்சது. நம்ம ஊர் அதுக்கு வச்ச பேர்தான் குட்டி யானை. சரக்கு வைக்கிற தளம் சுமார் 7 அடி நீளம். தோட்டத்துச் சந்துக்குள்ள நுழையும், சின்ன இடத்துல திரும்பும்.

ரெண்டாவது வகை: ஒரு டன்னுக்கு மேல, ரெண்டு டன் வரைக்கும். மஹிந்திரா பொலேரோ பிக்கப், ஒசூர்ல தயாராகுற அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா இன்ட்ரா, டாடா யோதா எல்லாம் இந்த வரிசை. தோஸ்த் 2011ல வந்தது. பொலேரோ பிக்கப்ல 1.3 டன், 1.5 டன், 1.7 டன்னு தனித்தனியா இருக்கு. தளம் 8, 9 அடி, சில மாடல்ல அதுக்கும் மேல. இன்ஜின் 1.5 லிட்டர்ல இருந்து 2.5 லிட்டர் வரைக்கும். ஏஸ்ல இருந்து இங்க வரும்போது பெருசா மாறுறது சுமக்குற எடை மட்டும் இல்ல, மலை ஏறுற தெம்பும்தான்.

மூணாவது வகை: 1986ல வந்த டாடா 407 முதல், 14 அடி ஐஷர் வரைக்கும். சொந்தத் தோட்டத்துச் சரக்கை மட்டும் நம்பி இதை எடுக்க முடியாது. இது முழுநேர டிரான்ஸ்போர்ட் தொழில். மாசச் சம்பளக்காரர் தூரத்துல உட்கார்ந்து போன்லயே நடத்துற தொழில் இல்ல.

யூடியூப்ல அமெரிக்க பிக்கப் வீடியோ பார்த்துட்டு "இழுவைத் திறன் எவ்வளவு?"ன்னு கேட்கிறவங்களும் இருக்காங்க. அங்க பிக்கப் பின்னாடி டிரெய்லர், படகு, கேரவன் மாட்டி இழுக்கிறது சகஜம். "அரை டன்", "ஒரு டன்"னு அவங்க சொல்றதும் பழைய காலத்து வகைப் பெயர், இன்றைய உண்மையான எடை இல்ல. நம்ம ஊர்ல இழுக்கிற வேலை டிராக்டருக்கு, சுமக்கிற வேலை பிக்கப்புக்கு. அந்த வீடியோக்களை ரசிச்சுப் பாருங்க. ஆனா வாங்குறதுக்கு அதை வழிகாட்டியா வச்சுக்காதீங்க.

எடையா, இடமா?

உங்க அப்பா என்ன விளைவிக்கிறார்ங்கிறது முக்கியம். வெங்காயம், எலுமிச்சை, தேங்காய் எல்லாம் கனம். தளம் நிறையறதுக்கு முன்னாடியே எடை வரம்பு வந்துரும். வாழை இலை, கீரை, மல்லித்தழை, பூ எல்லாம் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. கனமான சரக்குக்கு எடைத் திறன் பாருங்க, இடம் அடைக்கிற சரக்குக்கு தளத்தோட நீளம் பாருங்க. பூ ஏத்துறவர் 1.7 டன் வண்டிக்குக் காசு கொடுக்கத் தேவையில்ல. வெங்காயம் ஏத்துறவர் 'தளம் நீளமா இருக்கு'ன்னு மயங்கி, எடை தாங்காத வண்டியை எடுக்கவும் கூடாது.

இப்போ நிஜக் கணக்கு

கீழே வர்ற விலை, வாடகை, மைலேஜ் எல்லாம் கணக்குக்காக நான் வச்சுக்கிட்ட எண்கள். உங்க ஊர் எண்களைப் போட்டு நீங்களே மாத்திக்குங்க. முறைதான் முக்கியம்.

நிலைமை இது: தோட்டத்துல இருந்து மார்க்கெட் 12 கி.மீ. ஒரு நாள் சரக்கு 1,200 கிலோ, அதாவது 24 மூட்டை. அப்பாவே ஓட்டுறார், டிரைவர் சம்பளம் இல்ல. டீசல் லிட்டர் ரூ.95.

சின்ன வண்டி: லோன் ரூ.4.5 லட்சம், 11 சதவீதம், 48 மாசம். இஎம்ஐ ரூ.11,630. இன்சூரன்ஸ் மாசத்துக்கு ரூ.2,500, வரி மற்றும் எஃப்.சி.க்கு எடுத்து வைக்கிறது ரூ.700. ஆக மாச நிலைச்செலவு ரூ.14,830. ஓட்டச் செலவு, டயர், சர்வீஸ் எல்லாம் சேர்த்து கி.மீ.க்கு ரூ.7.30. ஒரு நாளைக்கு ரெண்டு டிரிப், 48 கி.மீ., சுமார் ரூ.350.

நடுத்தர வண்டி: லோன் ரூ.8 லட்சம், அதே வட்டி, அதே காலம். இஎம்ஐ ரூ.20,676. இன்சூரன்ஸ் ரூ.3,200, வரி, எஃப்.சி. ரூ.1,000. நிலைச்செலவு ரூ.24,876. ஓட்டச் செலவு கி.மீ.க்கு ரூ.10.90. ஒரே டிரிப், 24 கி.மீ., சுமார் ரூ.262.

வாடகை வண்டி: ஒரு டிரிப் ரூ.1,200. சரக்கு இல்லாத நாள்ல செலவு பூஜ்யம்.

மாசத்துல 22 நாள் சரக்கு போகுதுன்னு பார்த்தா, சின்ன வண்டிக்கு மொத்தம் சுமார் ரூ.22,500. நடுத்தர வண்டிக்கு சுமார் ரூ.30,600. வாடகைக்கு ரூ.26,400. "ஆஹா, சின்ன வண்டி மாசம் 3,900 ரூபாய் மிச்சம் பண்ணுது"ன்னு தோணும்.

இங்கதான் கொஞ்சம் நிதானிக்கணும். காய்கறி வருஷம் முழுக்க 22 நாளா விளையுது? அஞ்சு மாசம் 22 நாள், நாலு மாசம் 10 நாள், மூணு மாசம் ஒண்ணுமில்லன்னு வச்சா வருஷத்துக்கு 150 நாள். இஎம்ஐ மட்டும் 12 மாசமும் வரும்.

வருஷக் கணக்கு:
- வாடகை: ரூ.1,80,000
- சின்ன வண்டி: ரூ.2,30,520
- நடுத்தர வண்டி: ரூ.3,37,752

வாடகையை விட சொந்தச் சின்ன வண்டி ரூ.50,520 அதிகம். நடுத்தர வண்டி ரூ.1,57,752 அதிகம். நாலு வருஷம் கழிச்சு வண்டி கையில இருக்குமேன்னு கேட்பீங்க, நியாயமான கேள்வி. சின்ன வண்டிக்கு முன்பணம் 1.5 லட்சம் போட்டு கடைசியில 2.5 லட்சத்துக்கு வித்தா, வருஷத்துக்கு ரூ.25,000 திரும்ப வந்த மாதிரி. நடுத்தர வண்டிக்கு முன்பணம் 2.5 லட்சம், விக்கிற விலை 4.5 லட்சம்னா வருஷத்துக்கு ரூ.50,000. அதையும் கழிச்சுப் பாருங்க. அப்பவும் வாடகைதான் மலிவு. இதுல அப்பாவோட உழைப்புக்கு நான் ஒரு ரூபாய் கூட விலை போடல.

அப்போ எத்தனை நாள் ஓடுனா சொந்த வண்டி கட்டுப்படியாகும்? வருஷ நிலைச்செலவை, ஒரு நாளைக்கு மிச்சமாகுற தொகையால வகுங்க. (மிச்சம்னா வாடகையில இருந்து ஓட்டச் செலவைக் கழிச்சது.) விற்பனை மதிப்பைச் சேர்க்காம பார்த்தா சின்ன வண்டிக்கு 210 நாள், நடுத்தர வண்டிக்கு 319 நாள். இந்த ஒரு வகுத்தலைப் போடாம யாரும் புக்கிங் பணம் கட்டாதீங்க.

இன்னொரு விஷயம் கணக்குல தெரியாது, மார்க்கெட்ல தெரியும். ரெண்டு டிரிப் அடிச்சா ரெண்டாவது லோடு லேட்டா வரும். நல்ல ஏல நேரம் தாண்டி வந்த 600 கிலோவுக்கு கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைஞ்சாலே அன்னிக்கு ரூ.600 போச்சு. சின்ன வண்டியோட மாச மிச்சம் ஒரே வாரத்துல கரைஞ்சுரும். ஒரு நாள் சரக்கு ஒரே டிரிப்ல போகுமாங்கிறதை சைஸ் பார்க்கும்போது கட்டாயம் கேளுங்க.

கேரளா லோடு அடிச்சா?

சுரண்டையில இருந்து கொல்லம் வரைக்கும் ஒரு வழி சுமார் 120 கி.மீ. போய் வர 240. சின்ன வண்டிக்கு ஓட்டச் செலவு ரூ.1,752, ஏத்துற சரக்கு 600 கிலோ. கிலோவுக்கு ரூ.2.92. ஒன்றரை டன் வண்டிக்கு ஓட்டச் செலவு ரூ.2,616, ஆளும் தார்ப்பாயும் போக சரக்கு 1,350 கிலோ. கிலோவுக்கு ரூ.1.94. குறுகிய தூரத்துல சின்னது ஜெயிச்சுது, நீண்ட தூரத்துல பெரியது ஜெயிக்குது. கிலோவுக்கு ஒரு ரூபாய் வித்தியாசம் காய்கறி வியாபாரத்துல பெரிய தொகை.

அதோட மலை. புளியரையில இருந்து கோட்டைவாசல் வரைக்கும் வளைஞ்சு வளைஞ்சு ஏறுற பாதை. சின்ன இன்ஜின் முழு லோடோட அதுல திணறும், மைலேஜ் விழும், கிளட்ச் தேயும். ஏறுறதை விட இறங்குறதுதான் ஆபத்து. எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்கணும்னு பழைய டிரைவர்கள் சொல்றது சும்மா இல்ல. பிரேக்கை மட்டும் நம்பி இறங்குனா அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். அளவுக்கு மேல ஏத்துன வண்டியில இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அந்த வண்டியில உட்கார்ந்திருக்கிறது உங்க அப்பாவா இருக்கலாம்.

நடுத்தர வண்டியை வாங்கி, சொந்தச் சரக்கு இல்லாத நாள்ல வாடகை லோடு அடிச்சா வருஷ இடைவெளியை நிரப்ப முடியுமா? ஒரு கேரளா டிரிப்புக்கு வாடகை ரூ.6,000 கிடைச்சு, ஓட்டச் செலவு ரூ.2,616, பேட்டா ரூ.1,000, இதர செலவு ரூ.400 போனா மிச்சம் ரூ.1,984. ரூ.1,57,752-ஐ இதால வகுத்தா வருஷத்துக்கு 80 டிரிப். மாசத்துக்கு ஆறேழு. இந்த லோடை யார் கொடுப்பாங்கன்னு கமிஷன் கடைக்காரர் பேரோட உங்க அப்பாவால சொல்ல முடியுமா? முடிஞ்சா நடுத்தர வண்டி எடுக்கலாம். "ஓட ஆரம்பிச்சா லோடு தானா வரும்"ங்கிறது நம்பிக்கை. அதை நம்பி இஎம்ஐ கட்ட முடியாது.

சட்டத்துல ரெண்டு கோடு: 3,000 கிலோ, 7,500 கிலோ

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 66-ன்படி மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்ல. பிக்கப் வாங்கும்போது இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்குங்க. ஒரே பிராண்டுல ஒரு வேரியன்ட் கோட்டுக்கு இந்தப் பக்கமும், இன்னொண்ணு அந்தப் பக்கமும் இருக்கும். கூடுதலா 200 கிலோ ஏத்தலாம்னு பெரிய வேரியன்ட் எடுத்து, பர்மிட் செலவுல மாட்டிக்காதீங்க. ஆனா பர்மிட் வேண்டாம்னா வரியும் வேண்டாம்னு அர்த்தம் இல்ல. கேரளாவுக்குள்ள போறதுக்கான வரியை தனியா விசாரிச்சுக்கணும்.

அடுத்தது லைசென்ஸ். மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருக்கிற சரக்கு வண்டியை சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ் வச்சிருக்கிறவரே ஓட்டலாம், தனி டிரான்ஸ்போர்ட் குறிப்பு வேண்டாம்னு உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-ல தீர்ப்பு சொல்லிருக்கு. நாம பேசுற முதல் ரெண்டு வகையும் இந்த வரம்புக்குள்ள வரும். அப்பா லைசென்ஸ் காலாவதி ஆகலையான்னு மட்டும் பாருங்க.

"நம்ம ஊர்ல எல்லாரும் ஓவர்லோடுதான் சார்"

தெரியும். ஆனா விலையைக் கேளுங்க. 2019 செப்டம்பர் 1 முதல் அமலான திருத்தத்துல, பிரிவு 194-ன்படி ஓவர்லோடுக்கு அபராதம் ரூ.20,000, கூடுதலா இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000. அதிக சரக்கை இறக்குற செலவும் நம்மளோடது. அதை இறக்காம வண்டி நகரக் கூடாது. தளத்துக்கு வெளியே, பக்கவாட்டுலயோ உயரத்துலயோ அளவு மீறித் துருத்திக்கிட்டு இருந்தாலும் ரூ.20,000.

மேல போட்ட கணக்குல ஒரு கேரளா டிரிப்போட மிச்சம் ரூ.1,984. ஒரு தடவை மாட்டுனா பத்து டிரிப் உழைப்பு போச்சு. அதைவிடப் பெரிய பயம் இன்சூரன்ஸ். விபத்து நடந்து, வண்டி அளவுக்கு மேல சுமந்ததுன்னு தெரிஞ்சா, சொந்த சேதத்துக்கான கிளெய்மை கம்பெனி குறைக்கலாம், மறுக்கலாம். கோர்ட்ல வாதாடலாம், ஆனா இஎம்ஐ தீர்ப்பு வரைக்கும் காத்திருக்காது. உங்க சரக்கு நிஜமா 1,200 கிலோன்னா 750 கிலோ வண்டியை எடுத்து "சமாளிக்கலாம்"னு நினைக்கிறது சிக்கனம் இல்ல. அது அபாயத்தைக் கடனா வாங்குறது.

லோன்: ஃபிளாட் வட்டில ஏமாறாதீங்க

"சார், 7 பர்சன்ட்தான்"னு ஏஜென்ட் சொன்னா, "ஃபிளாட்டா, குறையும் நிலுவைக்கா?"ன்னு கேளுங்க. ரூ.8 லட்சத்துக்கு 7 சதவீதம் ஃபிளாட், நாலு வருஷம்னா வட்டி ரூ.2,24,000, இஎம்ஐ ரூ.21,333. இது குறையும் நிலுவை முறையில 12.5 சதவீதத்துக்கும் மேல. நேர்மையா 11 சதவீதம்னு சொன்ன பேங்கை விட மொத்தத்துல ரூ.31,552 அதிகம். கேட்க 7 சின்னதா இருக்கு, கட்டும்போதுதான் தெரியும்.

2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடனுக்கும் சிறு தொழில் கடனுக்கும் முக்கிய விவரத் தாள் கொடுக்கணும்னு ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கிருக்கு. கட்டணம் எல்லாம் சேர்ந்த உண்மையான வருஷ வட்டி அதுல இருக்கும். அந்த ஒரு எண்ணை மட்டும் ரெண்டு மூணு இடத்துல வாங்கி ஒப்பிடுங்க. வாடகைக்கு ஓட்டுற சரக்கு வண்டிக்கு முத்ரா திட்டத்துலயும் கடன் கிடைக்கும். அப்பா பேர்ல தகுதி இருக்கான்னு பேங்க்ல விசாரிங்க.

"நான் லோன் வாங்கல, ஜாமீன் மட்டும்தான்"னு சிலர் நிம்மதியா இருப்பாங்க. 1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டத்துல பிரிவு 128 என்ன சொல்லுதுன்னா, கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. உங்க கிரெடிட் ரிப்போர்ட்லயும் அது தெரியும். கையில வர்ற சம்பளம் ரூ.45,000-ன்னா, ரூ.20,676 இஎம்ஐ அதுல 46 சதவீதம். அடுத்த வருஷம் வீட்டு லோனுக்குப் போகும்போது பேங்க் இதைத்தான் முதல்ல பார்க்கும்.

ஆர்.சி. யார் பேர்ல?

உங்க பேர்ல லோன் சுலபமா கிடைக்கும்ங்கிறதுக்காக வண்டியையும் உங்க பேர்ல எடுக்கிறதுக்கு முன்னாடி மூணு விஷயம் யோசிங்க.

ஒண்ணு, இன்சூரன்ஸ். வண்டி பாலிசியோட வர்ற ரூ.15 லட்சம் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்.சி.யில பேர் இருக்கிற உரிமையாளர் ஓட்டும்போது அவருக்காக இருக்கிறது. வண்டி உங்க பேர்ல, ஓட்டுறது அப்பா. நீங்க சென்னையில ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்கீங்க, மலையில இறங்குறவருக்கு அந்தக் காப்பீட்டை அப்படியே நம்ப முடியாது. வண்டியை அப்பா பேர்ல எடுங்க. முடியலன்னா அவருக்குத் தனி விபத்துக் காப்பீடு எடுங்க. சம்பளத்துக்கு டிரைவர் வச்சா அவருக்கான பொறுப்பையும் பாலிசியில சேர்க்கச் சொல்லுங்க. இது பெரிய செலவு இல்ல. மூணாம் நபர் பிரீமியம்தான் பெருசு. 7,500 கிலோ வரைக்குமான சரக்கு வண்டிக்கு 2022 ஜூன்ல அமலுக்கு வந்த கட்டணம் ரூ.16,049, ஜிஎஸ்டி தனி. முக்கால் டன் வண்டிக்கும் ஒன்றரை டன் வண்டிக்கும் இது ஒண்ணுதான்.

ரெண்டு, வருமான வரி. வாடகைக்கு ஓட்டுனா வருமானம் உரிமையாளருக்கு. 1961 சட்டத்துல பிரிவு 44ஏஇ-ன்னு இருந்த அனுமான முறைப்படி, 12,000 கிலோவுக்கு உட்பட்ட ஒரு வண்டிக்கு மாசம் ரூ.7,500 வருமானம்னு எடுத்துக்குவாங்க. வருஷத்துக்கு ரூ.90,000. வண்டி ஷெட்ல நின்ன மாசமும் சேரும். லோன் வட்டி, தேய்மானம் எதையும் தனியா கழிக்க முடியாது. ரிட்டர்னும் ஐடிஆர்-1 இல்ல, ஐடிஆர்-4. தொழில் வருமானம் வந்துட்டா பழைய வரி முறைக்கும் புதிய முறைக்கும் வருஷா வருஷம் மாறிக்கிற சுதந்திரமும் போயிரும். அப்பா பேர்ல இருந்தா அது அவரோட கணக்கு. வேற வருமானம் இல்லன்னா வரியே வராமலும் போகலாம். நீங்க அவருக்குக் கொடுக்கிற முன்பணம் உறவினருக்குக் கொடுக்கிற அன்பளிப்பு. அவருக்கு வரி இல்ல, அதுல வர்ற வருமானம் உங்க கணக்குல சேராது. சொந்த விளைச்சலை மட்டும் சுமக்குற வண்டின்னா அது விவசாயச் செலவு, இந்த அனுமானக் கணக்கே தேவையில்ல.

மூணு, உங்க வேலை. பல கம்பெனிகள்ல வெளித் தொழிலுக்கு அனுமதி வாங்கணும்னு அப்பாயின்ட்மென்ட் லெட்டர்லயே இருக்கும். அரசு ஊழியர்னா நடத்தை விதிகள் இன்னும் கடுமை. வாங்குனதுக்கு அப்புறம் எடுத்துப் படிக்காதீங்க.

டிராக்டர் இருக்கே, பழைய வண்டி எடுக்கலாமே?

வீட்ல ஏற்கெனவே டிராக்டரும் டிரெய்லரும் இருந்தா, குறுகிய தூரத்துக்குச் சொந்தச் சரக்கை அதுலயே கொண்டு போகலாம். ஆனா டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம்தான், அதுக்கும் பதிவும் காப்பீடும் வேணும். விவசாயப் பயன்பாட்டுக்குன்னு காப்பீடு எடுத்த டிராக்டரை வாடகை லோடுக்கு விட்டா விபத்துல கிளெய்ம் சிக்கலாகும்.

பழைய வண்டி நல்ல யோசனையா இருக்கலாம். வருஷத்துக்கு 150 நாள் மட்டும் ஓடப் போற வண்டிக்குப் புதுசு எதுக்கு? இஎம்ஐ பாதியானா கட்டுப்படியாகுற நாள் கணக்கும் இறங்கும். ஆனா எஃப்.சி.யைப் பாருங்க. புது வண்டிக்கு முதல் ரெண்டு வருஷம் எஃப்.சி. கவலை இல்ல. அப்புறம் எட்டு வயசு வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கு மேல வருஷா வருஷம். பழைய லோன் முடிஞ்சு என்.ஓ.சி. வந்துச்சா, ஆர்.சி.யில அடமானக் குறிப்பு நீங்கியாச்சா, நிலுவை அபராதம் இருக்கான்னும் பாருங்க. சேஸ் வளைஞ்சிருக்கான்னு தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. வருஷக்கணக்கா ஓவர்லோடு அடிச்ச வண்டியோட கதை சேஸ்லதான் தெரியும்.

புது வண்டி எடுக்கிறவங்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதமாக் குறைஞ்சிருக்கு. பழைய வண்டிக்குப் பேரம் பேசும்போதும் இதை ஞாபகப்படுத்துங்க. புதுசோட விலை இறங்குனா பழசோட விலையும் இறங்கணும்.

முடிவு எடுக்குறது எப்படி?

ஒரு சீசன் முழுக்க அப்பாகிட்ட ஒரு நோட்டு கொடுங்க. தேதி, எத்தனை மூட்டை, எத்தனை கிலோ, எங்க போச்சு, வாடகை எவ்வளவு. அஞ்சே கட்டம். போன்ல தினமும் ராத்திரி நீங்களே கேட்டு எழுதுனாலும் சரி.

அதுல வருஷத்துக்கு 200 நாளுக்குக் குறைவா, ஒரு நாள் சரக்கு ஒரு வாடகை வண்டியில அடங்குதுன்னா, வாங்காதீங்க. அந்த முன்பணத்தை அப்பா பேர்ல டெபாசிட் போடுங்க. அதுக்கு வட்டியும் வரும். வாடகை வண்டிக்காரர்கிட்ட சீசனுக்கு மொத்தமா ரேட் பேசுங்க.

200 நாளுக்கு மேல, தினமும் 600 கிலோவுக்குள்ள, தூரமும் குறைவுன்னா சின்ன வண்டி. ஒரு டன்னுக்கு மேல தினமும் போகுது, கேரளா லோடும் கையில உறுதியா இருக்கு, ஓட்ட நம்பிக்கையான ஆளும் இருக்குன்னா ஒன்றரை டன் பிக்கப். பெரும்பாலான நாள்ல போற எடையைப் பார்த்து சைஸ் எடுங்க. ஓணத்துக்கு முந்தின பத்து நாள் சரக்குக்காக வருஷம் முழுக்க பெரிய இஎம்ஐ கட்ட வேண்டாம், அந்தப் பத்து நாளைக்கு இன்னொரு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கலாம்.

வாசல்ல மாலை போட்டு நிக்கிற புது வண்டியைப் பார்த்து அப்பா சந்தோஷப்படுவார், நிச்சயமா. அந்த வண்டிக்கு டியூ கட்டணுமேன்னு அறுபது வயசுல ராத்திரி லோடு தேடி மலை ஏறுற நிலைமை மட்டும் அவருக்கு வந்துடக் கூடாது. அதனால இன்னிக்கு ராத்திரி ஊருக்குப் போன் பண்ணும்போது, "என்ன வண்டி வேணும்பா?"ன்னு கேட்காதீங்க. "இன்னிக்கு எத்தனை மூட்டை போச்சுப்பா?"ன்னு கேளுங்க. நோட்டுல முதல் வரி எழுதியாச்சு.